மெட்ரோனோம் சத்தம் இல்லாமல் கிட்டாரில் தாளம் பிடிக்க வேறு வழி உண்டா?

#1 ஆறுகம்பி

வணக்கம். கிட்டார் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. அகூஸ்டிக்தான். ஓபன் கார்டுகள் (கம்பிகளை அழுத்தும் சுலபமான பிடிகள்) எல்லாம் வந்துவிட்டன, ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் என் பிரச்சினை தாளம்.

தனியாக வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிகிறது. போன வாரம் நண்பன் வீட்டில் அவன் பாட, நான் வாசித்தேன். இரண்டாவது சரணத்துக்குள் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. "டேய், எங்கடா ஓடுறே?" என்றான்.

ஃபோனில் மெட்ரோனோம் ஆப் (சீராக டிக் டிக் என்று தாளம் தட்டுவது) இறக்கி 80ல், அதாவது நிமிடத்துக்கு 80 க்ளிக் என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் தலைவலி. கை அந்த க்ளிக்கைத் துரத்துகிறது, பாட்டு மறந்துபோகிறது. நிறுத்தினால் பழைய கதை. போதாக்குறைக்கு, ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கும் நேரம்தான் எனக்குப் பயிற்சி நேரம். கிட்டாரை மெதுவாக வாசித்தால் அவள் எழுவதில்லை, அந்த டிக் டிக்குக்கு எழுந்துவிடுகிறாள். ஹெட்ஃபோன் போட்டால் அவள் அழுவது எனக்குக் கேட்காது.

நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? "மெட்ரோனோமையே பழகிக்கொள்" என்பதைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

#2 பழைய_ஆம்ப்

மெட்ரோனோமையே பழகிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

தம்பி, க்ளிக்கைத் துரத்துகிறீர்கள் என்றால் அந்த வேகம் உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 80ஐ விட்டு 50க்கு வாருங்கள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் ஆப்பிலேயே மரக்கட்டை, ரிம் ஷாட் என்று வேறு ஒலிகள் இருக்கும். தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டுகிறது என்று அதைத் தூக்கிப் போட முடியுமா?

#3 ஞாயிறு_கொயர்

ஆறுகம்பி, உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. பன்னிரண்டு வருடமாகச் சர்ச்சில் வாசிக்கிறேன். எங்கள் கொயரில் யாரும் மெட்ரோனோம் பார்த்ததுகூட இல்லை. கீபோர்டு அண்ணன் அதிலிருக்கும் ஒரு ரிதத்தைப் போட்டுவிடுவார், கூடவே ஒரு தம்பி ஆக்டபேடு (எலெக்ட்ரானிக் ட்ரம்) தட்டுவான். அதோடு ஒட்டி வாசித்தே பழகிவிட்டோம்.

ட்ரம்ஸ் ஏன் சுலபம், க்ளிக் ஏன் கஷ்டம் என்று நான் யோசித்தது உண்டு. 80 வேகத்தில் ஒரு க்ளிக்குக்கும் அடுத்த க்ளிக்குக்கும் நடுவே முக்கால் விநாடி. அந்த முக்கால் விநாடியும் வெறும் நிசப்தம். அடுத்தது எப்போது விழும் என்று நீங்களே ஊகிக்க வேண்டும். ட்ரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு நடுவிலும் விழுந்துகொண்டே இருக்கும். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக் ஒரு சத்தம், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் வேறு சத்தம் என்பதால் இது ஒன்றா மூன்றா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நடுவில் தொலைந்துபோனாலும் ஸ்னேரைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் இருந்தால் ஹைட்ரஜன் என்று இலவச ட்ரம் மென்பொருள் இருக்கிறது. ஃபோனில் ட்ரம் ஆப்கள் கொட்டிக் கிடக்கின்றன. கீபோர்டு வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அதிலிருக்கும் ரிதமே போதும். முதலில் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்று மட்டும். அலங்காரம் எல்லாம் வேண்டாம்.

ஆனால் ஒன்று, அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது, ஆக்டபேடும் செத்தது. என் கிட்டார் மட்டும் மிச்சம். நான்காவது வரிக்குள் சபை முழுவதையும் நானே ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி ஒருவர் வெளியே வரும்போது, "சாமிக்கு பஸ்ஸா போயிடும்?" என்று கேட்டார். ட்ரம்ஸ் தாளத்தைக் கற்றுக்கொடுக்கிறதா, நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்பது ட்ரம்ஸ் நின்ற பிறகுதான் தெரியும்.

#4 மிருதங்கம்_வீட்டுப்பெண்

எங்கள் வீட்டில் அப்பா மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். புதிதாக வரும் பையனை முதலில் வாத்தியத்தில் கை வைக்கவே விடமாட்டார். வாயில் சொல், கையில் தாளம். அவ்வளவுதான். பையன்கள் சலித்துப்போவார்கள், அம்மாக்கள் வந்து "எப்போ சார் தொடுவான்?" என்று கேட்பார்கள். நான் கிட்டார் பக்கம் போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கிட்டாரில் இரண்டு கையும் வேலையாக இருப்பதால் தாளம் போடக் கை கிடையாது. வாய் சும்மா இருக்கிறதே. ஒரு பீட்டுக்குள் "த க தி மி" என்று நான்கு. அதை வலது கைக்குப் பிரித்துக் கொடுங்கள்: த கீழே, க மேலே, தி கீழே, மி மேலே. கை ஊஞ்சல் மாதிரி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா வீச்சிலும் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. எந்த ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை வீசி மீட்டும்) பேட்டர்னாக இருந்தாலும் அது இந்த நான்கில் எதைத் தொடுவது, எதை விடுவது என்பதுதான். புதியவர்கள் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், தொடாத வீச்சில் கையை நிறுத்திவிட்டு, அடுத்ததற்கு அவசரமாகப் புறப்படுவது.

மூன்றுக்கு "தகிட". ஐந்துக்கு "தக தகிட". ஏழுக்கு "தகிட தகதிமி". எண்ணிக்கை ஓடாது, சொல்லே கணக்கு வைத்துக்கொள்ளும்.

இது ஏதோ நம் ஊர்ப் பெருமை பேச்சு என்று நினைக்க வேண்டாம். கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லின் 1970களில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து வாசித்தவர். பின்னாளில் விக்குவின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) பாடத்துக்கென்றே ஒரு டிவிடி கொண்டுவந்தார். அந்த வேகத்தில் வாசிக்கிற மனிதர் வாயால் சொல்லிப் பழகுவதைப் பெரிதாக மதித்தார் என்றால், நாமும் கொஞ்சம் சொல்லிப் பார்க்கலாம்.

குழந்தை தூங்கினால் முணுமுணுத்தால் போதும். தாலாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

#5 ஆறுகம்பி

அக்கா, முயன்று பார்த்தேன். ஒரே கார்டில் இருந்தால் "தகதிமி" அழகாக வருகிறது. கார்டு மாறும் இடத்தில் வாயும் சேர்ந்து நின்றுவிடுகிறது! கை தடுமாறினால் வாய் காத்திருக்கிறது.

#6 மிருதங்கம்_வீட்டுப்பெண்

வாய்தான் எஜமான். கை தடுக்கினால் தடுக்கட்டும், அந்தக் கார்டை விட்டுவிட்டு அடுத்த "த"வில் சேர்ந்துகொள்ளுங்கள். தப்பான கார்டை யாரும் கவனிக்கமாட்டார்கள், தாளம் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

#7 கட்டைவிரல்

நான் ஃபிங்கர்ஸ்டைல் ஆள், விரல்களாலேயே மீட்டுபவன். எனக்கு மெட்ரோனோம் என் வலது கைக் கட்டைவிரல்தான், பெயரிலேயே தெரியுமே.

அமெரிக்காவில் கென்டக்கி பக்கத்து மெர்ல் டிராவிஸ் பெயரால் வழங்கும் பாணி ஒன்று உண்டு. கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாற்றி மாற்றி டும்-டும் என்று ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் பாட்டைப் போடும். பாட்டு எவ்வளவு துள்ளினாலும் கட்டைவிரல் அசைந்துகொடுக்காது. சி கார்டைப் பிடித்து ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி, ஐந்து, நான்கு. ஒரு வாரம் இது மட்டும். டிவி பார்த்துக்கொண்டே வாசியுங்கள். கவனம் டிவியில் இருக்கும்போதும் கட்டைவிரல் தன் பாட்டுக்கு நடந்தால் அது உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

மேலே மிருதங்கக்கார அக்கா சொன்னதும் என் வீட்டு வீணை நினைவுக்கு வந்தது. வீணையில் வாசிக்கிற நான்கு தந்தி போக, பக்கவாட்டில் மூன்று தாளத் தந்தி இருக்கும். சுண்டுவிரலால் அதை மீட்டித் தாளம் காட்டிக்கொண்டே மற்ற விரல்களால் வாசிப்பார்கள். அங்கே சுண்டுவிரல், இங்கே கட்டைவிரல். வாத்தியத்துக்குள்ளேயே தாளக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

#8 பழைய_ஆம்ப்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாயும் அவருடையது, கட்டைவிரலும் அவருடையது. ஓடுகிற ஆள் வாயால் சொன்னால் வாயும் சேர்ந்து ஓடும். ரப்பரில் அளவுகோல் செய்து துணி அளக்கிற மாதிரி. தன் முதுகு தனக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஒன்று வேண்டும்.

#9 சும்மா_வந்தேன்

வெளியிலிருந்துதானே? எங்கள் வீட்டு வெட் கிரைண்டர் 'கடக் கடக்' என்று சுற்றும். சனிக்கிழமை மாவு அரைக்கும்போது அதோடு சேர்ந்து பவர் கார்டு வாசிப்பேன். மாவு கெட்டியாக ஆக ஆக டெம்போ இறங்கும், அம்மா தண்ணீர் ஊற்றினால் ஏறும். பைக் இண்டிகேட்டரும் நல்லது. குழாய்ச் சொட்டு மட்டும் வேண்டாம். சீராக விழுவதுபோல ஏமாற்றும், கூட வாசித்தால்தான் தெரியும்.

#10 ஃபிசிக்ஸ்_வாத்தியார்

பழைய_ஆம்ப் சார் கேட்ட 'வெளியிலிருந்து ஒன்று', ஆறுகம்பி கேட்ட 'சத்தம் இல்லாமல்', இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் இருக்கிறது. செலவு ஐந்து ரூபாய்.

கதவு நிலையில் ஒரு ஆணி. அதில் ஒரு நூல். நூல் நுனியில் ஒரு கனமான நட்டு. லேசாகத் தள்ளிவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 99 செ.மீ. இருந்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு விநாடி. அதாவது 60. 56 செ.மீ. என்றால் 80. 36 என்றால் 100. 25 என்றால் 120. நீளத்தைக் கால்வாசி ஆக்கினால் வேகம் இரட்டிப்பு ஆகும், அதுதான் கணக்கு. நட்டு எவ்வளவு கனம் என்பது பொருட்டே இல்லை. வீச்சு சின்னதாக இருக்கும்வரை, அது குறைந்துகொண்டே வந்தாலும் நேரம் மாறாது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. பிரான்சில் எத்தியன் லூலியே என்பவர் 1696லேயே இசைக்கென்று இப்படி ஒரு ஊசல் கருவியை விவரித்திருக்கிறார். ஆளுயரம் இருக்கும், நூல் நீளத்தை மாற்றி வேகத்தை வைத்துக்கொள்ளலாம். அது டிக் என்று சத்தமே போடாது! மெதுவான வேகம் வேண்டும் என்றால் நூல் நீண்டுகொண்டே போகும் என்பதுதான் தொல்லை. 40 வேண்டும் என்றால் இரண்டேகால் மீட்டர் ஆகிவிடும், கதவு நிலையே போதாது. 1814ல் ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் அச்சுக்கு மேலே ஒரு எடை, கீழே ஒரு எடை வைத்தால் சின்னக் கம்பிகூட மெதுவாக ஆடும் என்று கண்டுபிடித்தார். அதைப் பார்த்த மெல்ட்சல் அளவுகளைப் பொறித்து, பெட்டியில் வைத்து, 1815ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் மெட்ரோனோம் என்றால் மெல்ட்சல் பெயரைத்தான் சொல்கிறோம். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர்.

ஒரு குறை உண்டு. தாளத்தில் காது கூர்மை, கண் மந்தம். வெறும் விளக்கு மினுக்கினால் அதோடு ஒட்டி வாசிப்பது கஷ்டம். ஊசலில் அது நகர்ந்து வருவது கண்ணுக்குத் தெரிவதால் பரவாயில்லை. நட்டு நடுவில், அதாவது அடிமட்டத்தில் கடக்கும் தருணத்தை பீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கோடியில் அது தயங்கி நிற்பதால் எந்த நொடி என்று தெரியாது.

#11 ஸ்காபரோ_பைலா

வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில். எங்கட வீட்டுக் கொண்டாட்டங்களில் கிட்டார் எண்டால் பைலாதான், ஆறு எட்டுத் தாளம். அதில் ஓடினால் ஆடுகிற சனமே கால் தடக்கி விழும், அதைவிட நல்ல மெட்ரோனோம் இல்லை.

பகிடி இருக்கட்டும். எலெக்ட்ரிக் இருந்தால், அல்லது அகூஸ்டிக்கில் பிக்-அப் இருந்தால், டிலே பெடலைப் (வாசிச்சதைக் கொஞ்சம் பிந்தி எதிரொலியாகத் தருகிற கருவி) பாவியுங்கள். ஒரே ஒரு எதிரொலி மட்டும் வருகிற மாதிரி வையுங்கள். 60000ஐ வேகத்தால் வகுத்தால் மில்லி செகண்ட் வரும். 80க்கு 750. பாஸ் டிடி-3 மாதிரி டிஜிட்டல் பெடல் 800 வரைக்கும் போகும். பழைய அனலாக் பெடல் 300 அளவில் நிண்டுவிடும் என்றால் பாதி பீட்டை வைத்து, பீட்டுக்கு இரண்டு தரம் அடியுங்கள். 80க்குப் பாதி 375, அதுவும் எட்டாது. வேகத்தை 100 ஆக்கினால் பாதி 300. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு ஸ்ட்ரம்மும் சரியாக அடுத்த ஸ்ட்ரம்மின் மேல் வந்து விழ வேண்டும். விழுந்தால் ஒரே சத்தமாகக் கேட்கும். விலகினால் குதிரை ஓடுகிற மாதிரி 'டடக் டடக்' என்று கேட்கும். எவ்வளவு விலகினீர்கள் என்று எண்ணத் தேவையில்லை, காதே சொல்லும். க்ளிக் மாதிரி மேலே நிண்டு அதட்டாது, நீங்கள் வாசிச்சதைத்தான் உங்களிடம் திருப்பித் தரும்.

லூப்பரும் (வாசிச்சதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கிற பெடல்) நல்ல வாத்தியார்தான். நான்கு பார் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார் எண்டு வையுங்கோ) வாசித்து, ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் காலால் மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் லூப் சுற்றிச் சுற்றி வரும்போதெல்லாம் அதே இடத்தில் நொண்டும். நான் முதல் மாதம் முழுக்க நொண்டி லூப்தான் செய்தனான்.

#12 ஆறுகம்பி

ஊசல் கட்டிவிட்டேன் சார். 56 செ.மீ. வேலை செய்கிறது! வீட்டுக்காரிதான் "பேய் ஓட்டுகிறீர்களா?" என்று கேட்டாள்.

இடையில் ஒரு சந்தேகம். ஒரு காதில் மட்டும் ப்ளூடூத் இயர்பட் போட்டு ட்ரம்ஸ் கேட்கலாம் என்று பார்த்தேன். ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும், தாளமே கெட்டுப்போகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

#13 ஞாயிறு_கொயர்

தாமதம் உண்மை, பயம் வீண். எல்லா பீட்டும் ஒரே அளவு தாமதமாக வருகிறது, எனவே நீங்கள் கேட்கும் தாளம் சீராகத்தான் இருக்கும். அதோடு ஒட்டி அகூஸ்டிக் வாசித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அதே ஃபோனில் வாசிப்பையும் ட்ரம்ஸையும் சேர்த்துப் பதிவு செய்தால் அப்போது விலகும், திரையில் மின்னும் விளக்கையும் பார்த்துக்கொண்டே கேட்டால் குழம்பும். அதற்கு வயர் வைத்த இயர்ஃபோன். கையில் வாட்ச் மாதிரி கட்டிக்கொண்டு அதிரும் மெட்ரோனோமும் வருகிறது, சவுண்ட்பிரெனர் என்று. நான் ஒருமுறை இரவல் வாங்கிப் பார்த்தேன். நிசப்தமாக இருந்தது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த விலைக்கு நான் ஒரு செகண்ட் ஹேண்ட் கஹோன் (பெட்டி ட்ரம்) வாங்குவேன்.

#14 சும்மா_வந்தேன்

பாட்டோடு சேர்ந்து வாசித்தால் போதாதா? யூட்யூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாமல் மெதுவாகிறதே.

#15 கட்டைவிரல்

போதும், சந்தோஷமாகவும் இருக்கும். இரண்டு விஷயம் மட்டும். முழு வாத்தியக் கோஷ்டி வாசிக்கும்போது உங்கள் தப்பு அதில் கரைந்துபோகும், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் சரியாகக் கை தட்டுகிறார் என்று தெரியாததுபோல. இன்னொன்று, எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, க்ளிக் இல்லாமல் லைவாகப் பதிவான பழைய பாட்டுகளில் டெம்போ கொஞ்சம் ஏறி இறங்கும். அது அழகுதான், ஆனால் அளவுகோலாக வைக்க முடியாது.

#16 பழைய_ஆம்ப்

சரி, நான் இறங்கி வருகிறேன். யார் எந்த வழியில் வேண்டுமானாலும் பழகுங்கள். ஆனால் வாரம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு க்ளிக் வேண்டாம், ஸ்டாப்வாட்ச் போதும்.

ஊசலைப் பார்த்து 80 வேகத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி உட்கார்ந்து 16 பார் வாசியுங்கள், எதையும் பார்க்காமல், கேட்காமல். முதல் ஸ்ட்ரம்மில் வாட்சை ஓடவிட்டு, 17வது பாரின் முதல் ஸ்ட்ரம்மில் நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் 64 பீட். 80 என்றால் சரியாக 48 விநாடி. 64ஐ உங்கள் விநாடியால் வகுத்து 60ஆல் பெருக்கினால் உங்கள் உண்மையான வேகம். தம்பி, நம்பரைப் போடுங்கள், பார்ப்போம்.

#17 ஆறுகம்பி

43 விநாடி.

நாலைந்து முறை வாசித்தேன். 43, 44, 43, 42, 43. கணக்குப் போட்டால் 89 வருகிறது. வாசிக்கும்போது சத்தியமாக எனக்குத் தெரியவே இல்லை. என் நண்பனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

#18 மிருதங்கம்_வீட்டுப்பெண்

தப்பு சீராக வருவது நல்ல சேதி. ஐந்து முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓடியிருக்கிறீர்கள், அப்படியென்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் மொத்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு இடத்தில் இழுத்து, அடுத்த இடத்தில் ஓடி ஈடுகட்டினால் ஸ்டாப்வாட்ச் 48 என்று நற்சான்றிதழ் கொடுத்துவிடும். ஃபோனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பாருங்கள். இலவசம்தான். ஒவ்வொரு ஸ்ட்ரம்மும் ஒரு மேடு மாதிரி தெரியும். மேட்டுக்கு மேடு 0.75 விநாடி இருக்கிறதா என்று அளந்துவிடலாம். ஒருமுறை அளந்தால் போதும், தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும்.

பயிற்சிக்கு இன்னொன்று: ட்ரம்ஸை இரண்டு பார் ஒலிக்கவிட்டு, இரண்டு பார் ஊமையாக்குங்கள். ஊமைப் பாரிலும் நீங்கள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி ட்ரம்ஸ் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா, தெருவில் இருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். பிறகு ஊமை நான்கு பார். பிறகு எட்டு. டைம் குரு என்று ஒரு ஆப், க்ளிக்கை இஷ்டத்துக்கு அங்கங்கே விழுங்கிவிடும், அதுவும் இதே வேலைதான். பழைய_ஆம்ப் சாருக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் மெட்ரோனோம்தான், பேச்சு மட்டும் குறைவு.

#19 ஸ்காபரோ_பைலா

இதைத்தான் நானும் சொல்ல வந்தனான். எதை வாங்கினாலும் இடைக்கிடை வாயை மூடுகிறதா எண்டு பாருங்கோ. எந்நேரமும் பக்கத்தில் நிண்டு சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்ப தானாக எண்ணப் போகுது?

#20 ஆறுகம்பி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். யாராவது இன்னும் இருக்கிறீர்களா?

ஆடாசிட்டியில் அளந்தேன். என்ன தெரியுமா? நான் எல்லா இடத்திலும் ஓடவில்லை. சி, ஏ மைனர் இரண்டிலும் மேட்டுக்கு மேடு 0.74, 0.75, 0.76. கடிகாரம் மாதிரி. எஃப் வருவதற்கு முந்தைய பாரில் மட்டும் மூன்றாவது பீட் 0.64, நான்காவது 0.58. எஃப் வந்த பிறகும் ஒரு பார் முழுக்க அந்த வேகத்திலேயே போய், பிறகுதான் அடங்குகிறது. எஃப் வரப்போகிறது என்ற பயத்தில் முன்கூட்டியே ஓடிப்போய் அதைப் பிடிக்கிறேன்! எட்டு மாதமாக எனக்குத் தாளம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிரச்சினை ஆள்காட்டி விரலில் இருந்திருக்கிறது.

அதனால் ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தாமல், மேல் நான்கு கம்பியில் மட்டும் சின்ன எஃப் பிடிக்கிறேன். நான்காவது பீட்டில் "தகதிமி"யைச் சத்தமாகச் சொல்கிறேன். "தி" வரும்வரை இடது கையை எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். நேற்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் 47. இன்னொருமுறை 48.

ஊசல் இப்போது இல்லை. குழந்தை எட்டிப் பிடித்து நட்டை வாயில் வைக்கப் பார்த்தாள், கழற்றிவிட்டேன். பரவாயில்லை, 80 எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நடக்கும்போது தானாக வருகிறது.

#21 பழைய_ஆம்ப்

0.58! நன்றாக மாட்டினீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே எஃப்தான். நான் அப்போது அளந்து பார்க்கவில்லை, க்ளிக் வைத்து அடித்து அடித்தே சரி செய்தேன். இரண்டு வருடம் ஆயிற்று.

#22 ஆறுகம்பி

ஒன்று மட்டும் மிச்சம். 80ல் சரியாக இருக்கிறது. 55ல் ஒரு மெதுவான பாட்டு எடுத்தால் மறுபடி ஓடுகிறேன். மெதுவாகப் போவது சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்?

#23 மிருதங்கம்_வீட்டுப்பெண்

சவுக்க காலம், அதாவது மெதுவான வேகம்தான் கஷ்டம். எங்கள் அப்பாவைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவே ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி, அந்தக் காலி இடத்தைக் கண்டு கை பதறுகிறது. பீட்டைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் நான்கைப் பாருங்கள். வாயில் "தகதிமி", கையில் "த" மட்டும். "கதிமி" முழுவதும் மணிக்கட்டு ஆடிக்கொண்டிருக்கட்டும், கம்பியைத் தொடாமல். கால் தட்டுவதாக இருந்தால் குதிகாலை வைத்துக்கொண்டு முன்பாதத்தைத் தூக்குவதையும் கணக்கில் எடுங்கள். தூக்குவது "தி"யில், இறக்குவது "த"வில். பெரும்பாலோர் இறக்குவதை மட்டும் எண்ணுகிறார்கள், தூக்கும்போதுதான் அவசரப்படுகிறார்கள்.

#24 ஆறுகம்பி

இப்போதே உட்கார்ந்து பார்த்தேன். தூக்குவதில்தான் இருக்கிறது அக்கா, நீங்கள் சொன்னது சரி. 16 பார் முடிக்கவில்லை, பதினோராவது பாரில் குழந்தை எழுந்துவிட்டாள். நாளை மதியம் நம்பர் போடுகிறேன்.